யாரைக் கேட்பது?

பழைய கோயில்களையும் பழைய மாளிகைகளையும் கெடுப்பவர்கள் எல்லாரும் பொல்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நான் பார்த்த வரையில் அவர்களில் பெரும்பாலோர் மிக நல்லவர்கள். தெய்வ பக்தி உள்ளவர்கள். பிறந்த ஊரை மறக்காதவர்கள். கைப்பணத்தைப் போட்டுப் பத்துப் பேரிடம் கையேந்தித் திருப்பணி செய்கிறவர்கள். கெட்ட எண்ணத்துடன் கோயிலுக்குள் நுழைகிறவன் விக்கிரகத்தைத் தூக்கிக்கொண்டு போவான், சுவரை விட்டுவிடுவான். நல்ல எண்ணத்துடன் நுழைகிறவரோ சிமெண்டு மூட்டையுடனும் எனாமல் டப்பாவுடனும் நுழைகிறார். அவர் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வரும்போது ஆயிரம் வருஷத்துச் சுவர் போன வருஷம் கட்டிய சுவர் மாதிரி ஆகிவிடுகிறது.

ஆகையால் இந்த விஷயத்தில் கோபித்துக்கொள்வதில் பயன் இல்லை. பழைய கட்டடம் ஒன்றைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஒரு சாதாரண மனிதர், "இதை எப்படிக் காப்பாற்றுவது? யாரைக் கேட்பது?" என்று நினைத்தால் அவருக்குப் பதில் சொல்ல ஆள் உண்டா? அதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது.

சோழர் காலத்தில் கோயிலுக்கு நிலம் விடும்போது விளக்குக்கு இவ்வளவு, திருவமுதுக்கு இவ்வளவு என்று எழுதியதோடு நிற்கவில்லை. பழுது பார்ப்பதற்கென்றே தனியாக நிலம் விட்டார்கள். அதற்குப் 'புதுக்குப்புறம்' என்று பெயர். எவ்வளவு அழகான சொல் பாருங்கள்! கட்டி முடித்த அன்றைக்கே கட்டடம் கிழப்பருவத்தை நோக்கி நடக்கத் தொடங்குகிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். இன்று லட்சக் கணக்கில் வசூல் செய்து கும்பாபிஷேகம் நடத்துகிறோம். அடுத்த மழைக்கு ஒழுகும் கூரையை அடைக்க ஆயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறோமா?

கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். திருக்கோடிகாவில் பழைய கோயிலைப் புதுப்பித்தபோது அங்கே பழைய கல்வெட்டுக்கள் பல இருந்தன. முன்னோர்கள் யார் யாரோ செய்த தருமங்கள் அவை. அரசியார் நினைத்திருந்தால் அந்தக் கற்களைப் படிக்கட்டுக்குப் போட்டுவிட்டுத் தம் பெயரை மட்டும் பெரிதாக வெட்டச் சொல்லியிருக்கலாம்; கேட்பார் யாரும் இல்லை. அவர் அப்படிச் செய்யவில்லை. பழைய எழுத்துக்களைப் புதிய சுவரில் பிரதி செய்து வைத்தார். இது ஒரு 'பழங்கற்படி' என்றும் அங்கே குறித்து வைத்தார்கள். அசல் எது, நகல் எது என்பதில் பின்னால் வருகிறவன் ஏமாந்துவிடக் கூடாது என்ற நேர்மை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

திருமழபாடியில் நடந்தது இன்னும் ஆச்சரியமானது. ராஜராஜ சோழனின் 28-ம் ஆட்சியாண்டில் அங்கிருந்த விமானத்தைப் பிரித்துக் கல்லால் மீண்டும் கட்டும்படி உத்தரவாயிற்று. பிரிப்பதற்கு முன்னால் சுவரில் உள்ள கல்வெட்டுக்களை எல்லாம் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. கோயில் எழுந்தது. ராஜராஜன் காலமானான். அவன் மகன் ராஜேந்திரனின் 14-ம் ஆட்சியாண்டில், புத்தகத்தில் எழுதி வைத்திருந்த சாசனங்கள் புதிய சுவரில் மறுபடியும் பொறிக்கப்பட்டன. இடையில் பத்து வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த ஓலைகளை யாரோ ஒருவர் பத்திரமாக வைத்திருந்தார்; தஞ்சாவூரிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் எத்தனையோ பெரிய காரியங்கள் நடந்த காலத்தில், திருமழபாடி ஓலைகளை யாரும் மறக்கவில்லை.

பழையதைத் தொடவே கூடாது என்று நம் முன்னோர்கள் சொல்லவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. பூஜை நடக்கும் கோயில் பொருட்காட்சிசாலை அல்ல. மூர்த்திக்கு எண்ணெய்க் காப்பு வேண்டும். மடைப்பள்ளியில் அடுப்பு எரிய வேண்டும். விமானத்தில் முளைத்த அரசங் கன்றைக் களைய வேண்டும். பழுதடைந்ததைப் புதுப்பிப்பதற்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயர் வைத்து ஆகமங்களே விதி செய்திருக்கின்றன. புதுப்பிக்கலாம். ஆனால் புதுப்பிப்பதற்கு முன்னால் எழுதி வைத்துக்கொள். அழிக்க நேர்ந்தால் அதை ஒப்புக்கொள். இதுதான் சோழர் காலத்துப் பாடம்.

இந்தப் பாடம் மறந்துபோன காலம் ஒன்று வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1836-ம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். அணைக்குக் கல் வேண்டும். சுற்றிலும் வண்டல் மண் பூமி, மலை இல்லை. ஆனால் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருந்தது! கங்கை வரையில் படை அனுப்பிய ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலின் திருமதிலும் கோபுரமும் கற்குவியலாகக் கண்ணில் பட்டன. கல்லைப் பெயர்த்தார்கள், வண்டியில் ஏற்றினார்கள். ஊர் மக்கள் தங்களால் முடிந்த வரையில் தடுத்துப் பார்த்தார்கள் என்றும், அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள் என்றும் 1855-ம் ஆண்டுப் பத்திரிகைக் குறிப்பு ஒன்று சொல்கிறது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்களித்தார்களாம். அந்த வாக்கு நிறைவேறவில்லை என்றும் அந்தக் குறிப்பே வருத்தப்படுகிறது.

கீழணையினால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. அந்த அணையிலிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. 2004-ம் ஆண்டு முதல் வீராணத்துத் தண்ணீர் சென்னைப் பட்டணத்துக்கே வந்துவிட்டது. சென்னையில் குழாயைத் திறக்கிறவர்களில் எத்தனை பேருக்கு, ராஜேந்திர சோழனின் கோயில் மதில் தங்களுக்காக நீரைத் தடுத்து நிறுத்துகிறது என்று தெரியும்? அணை வேண்டியதுதான். ஆனால் அந்த ஊர் ஜனங்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குக் கல்வி கிடையாது, பணம் கிடையாது, சட்டம் கிடையாது. இந்தக் கோயிலைத் தொடக் கூடாது என்ற எண்ணம் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லப் போவதற்கு ஓர் இடம் இல்லை. வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் வேறு விதமான தொல்லை ஏற்பட்டது. அங்கே பழைய மாதா கோயில்களை இடிக்கவில்லை, 'அழகு' செய்தார்கள். உள்சுவரின் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, கால மாறுபாட்டின் அடையாளங்களை எல்லாம் துடைத்துவிட்டு, ஆதியில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தாங்களே கற்பனை செய்து கட்டினார்கள். வில்லியம் மாரிஸ் என்ற கவிஞர் இதைக் கண்டு கொதித்தார். 1877-ம் ஆண்டில் டியூக்ஸ்பரி என்ற ஊர்க் கோயிலுக்கு இந்தக் கதி வரப் போகிறது என்று தெரிந்ததும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அந்த வருஷமே புராதனக் கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சுரண்டுவதை எதிர்த்ததால் அதற்குச் 'சுரண்டாதே சங்கம்' என்ற பொருளில் ஒரு செல்லப் பெயரும் வந்தது. அந்தச் சங்கத்தின் உபதேசம் மிக எளியது: தினமும் கவனி, கூரை ஒழுகினால் அடை, சுவர் சாய்ந்தால் முட்டுக் கொடு, பழையதைப் போலப் பொய்யாக ஒன்றைச் செய்து வைக்காதே. பழைய வீட்டுக்காரர்களுக்கு யோசனை சொல்லும் வேலையை அந்தச் சங்கம் இன்றும் செய்து வருகிறது.

இந்தியாவில் 1904-ம் ஆண்டில் கர்ஸான் பிரபு காலத்தில் புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொல்பொருள் இலாகாவின் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் 1923-ம் ஆண்டில் பாதுகாப்பு வேலைக்கென்றே ஒரு கையேடு எழுதி வெளியிட்டார். சிதைந்து நிற்கும் பழைய வேலை, பளபளப்பான புதிய வேலையைவிட மதிப்பு மிகுந்தது என்பது அந்தக் கையேட்டின் சாரம். கங்கைகொண்ட சோழபுரத்து ஜனங்கள் படிக்காமலே அறிந்திருந்த விஷயம் அது. அச்சில் வர 87 வருஷம் ஆயிற்று.

பொறுமையாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றி இருள் சூழ்ந்த பிராகாரம் ஒன்று இருக்கிறது. அதன் சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. 1931-ம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அங்கே போனபோது மேல்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலே வேறு சித்திரம் இருப்பதைக் கண்டார். அது ராஜராஜன் காலத்துச் சித்திரம்! சுந்தரர் கயிலைக்குப் போகும் காட்சியும், முப்புரம் எரித்த பெருமானும் ஒன்பது நூற்றாண்டுகளாக அந்த இருட்டில் காத்திருந்தார்கள். அதற்கு முன்னால் யாராவது ஒரு புண்ணியவான் "சுவர் அழுக்காக இருக்கிறதே" என்று பூச்சைக் கொத்தி எறிந்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

அதோடு கதை முடியவில்லை. அடியில் சோழச் சித்திரம் இருக்கிறது என்பதற்காக மேலே உள்ள நாயக்கர் சித்திரத்தை அழித்துவிடலாமா? அதுவும் நானூறு வருஷத்துச் சொத்து அல்லவா? தொல்பொருள் இலாகாவின் ரசாயன நிபுணர்கள் மேல் சித்திரத்தைத் தோல் உரிப்பதுபோல் சேதம் இல்லாமல் உரித்தெடுத்துக் கண்ணாடி இழைப் பலகைகளில் ஒட்டி வைத்தார்கள். பேரனும் பிழைத்தான், பாட்டனும் பிழைத்தார். தெரிந்தவர் கையில் விட்டால் இரண்டில் ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டிய அவசியமே பல சமயங்களில் ஏற்படுவதில்லை.

பெரிய கோயிலுக்குப் பெரிய நிபுணர்கள் வருவார்கள். சின்ன ஊரில், ஒரு கால பூஜைக் கோயிலில் என்ன நடக்கிறது? சில ஆண்டுகளுக்கு முன்பு கொள்ளிடத்தின் வட கரையில் ஒரு சிற்றூருக்கு நான் போயிருந்தேன். சிறிய கற்றளி. வெளிப் பிராகாரத்தில் பளிங்குபோல் தேய்த்த கருங்கற் பலகைகள் அடுக்கியிருந்தன. தரையை ஓர் அடி உயர்த்திப் பலகை பதிக்கப் போவதாகச் சொன்னார்கள். ஓர் அடி உயர்ந்தால் கோயிலின் அதிஷ்டானம் பாதி மண்ணுக்குள் போய்விடும். அந்தப் பாதியில்தான் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கி ஒரு கல்வெட்டு ஓடிற்று. விளக்கு எரிக்க யாரோ 96 ஆடுகள் கொடுத்த சங்கதி அது.

திருப்பணிக்குப் பொறுப்பாக இருந்த பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். நான் எழுத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். மேல்துண்டால் அந்த இடத்தைத் துடைத்தார்.

"இது என்னங்க எழுத்து? சின்ன வயசிலேருந்து பார்க்கிறேன். கல் கொத்தினவன் போட்ட கோலம்னு நினைச்சேன்" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்போ இந்த ஆளும் நம்ம மாதிரி உபயம் பண்ணினவன்தான். அவன் பேரை மூடிட்டு நம்ம பேரைப் போடறது நியாயம் இல்லைங்க. ஆனா யாரைக் கேட்கிறதுன்னு யாரும் எங்களுக்குச் சொல்லலியே! டவுன்லே கல்லுக் கடைக்காரன்தான் யோசனை சொன்னான். அவன் கல்லு போடுன்னுதானே சொல்லுவான்?"

இதைவிடச் சுருக்கமாக இந்தக் கட்டுரையின் பொருளைச் சொல்ல என்னால் முடியாது. யோசனை சொல்ல வேண்டியவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள். விற்க வேண்டியவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள்.

பெரியவர் வேலையை நிறுத்தி வைத்தார். பணம் கொடுத்திருந்த வெளியூர் அன்பர் தம் பெயர் பதியப் போகும் பலகையைப் பற்றிக் கவலைப்பட்டாராம். "பேர் போட இடமா இல்லை? நாலு டியூப் லைட் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்க, வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பேர் எழுதிடலாம்" என்று பெரியவர் சொன்னதாகக் கேள்வி. தொல்லியல் துறையிலிருந்து ஒருவர் வந்தார். கல்லில் ஈரக் காகிதத்தை ஒட்டித் தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படி எடுத்தார். எழுத்து கறுப்பு வயலில் வெள்ளையாக எழுந்து வந்ததை ஊர்ப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்களாம். கடைசியில் தரையை உயர்த்தாமல், தண்ணீர் வடியும்படி பழைய மட்டத்திலேயே கல் பதித்தார்கள்.

சரி, யாரைத்தான் கேட்பது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், அந்தக் கட்டடம் யாருடைய பாதுகாப்பில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மத்திய தொல்பொருள் துறையின் சின்னமாக இருந்தால் 1958-ம் ஆண்டுச் சட்டம் அதைக் காக்கிறது. 2010-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1961-ல் ஏற்பட்டது. அதன் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966-ம் ஆண்டுச் சட்டம் உண்டு. இரண்டிலும் சேராத கோயில்களே ஆயிரக் கணக்கில் இருக்கின்றன. அவை பெரும்பாலும் அறநிலையத் துறையைச் சேர்ந்தவை. அங்கே பழமையான கோயில்களின் திருப்பணித் திட்டங்களைப் பார்த்து ஒப்புதல் தர வல்லுநர் குழுக்கள் இருக்கின்றன. 2021-ம் ஆண்டு ஜூன் 7-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் புராதனக் கோயில்களைப் பற்றி 75 கட்டளைகள் அடங்கிய தீர்ப்பு ஒன்றையே அளித்தது. அரசாங்கம் சாராமல், 1984-ல் தொடங்கிய இன்டாக் என்ற சங்கத்துக்குப் பல ஊர்களில் கிளைகள் இருக்கின்றன. தனியார் வீடானாலும், சத்திரமானாலும், பள்ளிக்கூடமானாலும் அவர்களிடம் யோசனை கேட்கலாம். சுவர் விரிசல் கண்டு, நிற்குமா விழுமா என்ற சந்தேகம் வந்தால் சென்னை ஐ.ஐ.டி.யில் புராதனக் கட்டடங்களின் உறுதியை ஆராயும் பொறியியல் வல்லுநர்கள் இருக்கிறார்கள். மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரி 1957 முதல் ஸ்தபதிகளைப் பயிற்றுவித்து வருகிறது.

கேட்டுப் பதில் வருவதற்குள் செய்யக் கூடாதவை சில உண்டு. மணலைக் காற்று வேகத்தில் வீசிக் கல்லைச் சுத்தம் செய்யக் கூடாது. அழுக்கோடு சிற்பியின் உளி விட்ட கடைசிக் கோடும் போய்விடும். கல்வெட்டு எழுத்து மழுங்கிவிடும். சொரசொரப்பான கல் முன்னைவிடச் சீக்கிரம் அழுக்கு ஏற்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டு பூசக் கூடாது. சுண்ணாம்பு மூச்சு விடும்; உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே அனுப்பிவிடும். சிமெண்டு அந்த வாசலை அடைத்துவிடுகிறது. ஈரமும் உப்பும் வேறு வழி தேடிப் பழைய செங்கல்லையே அரித்துத் தூளாக்குகின்றன. பத்து வருஷத்தில் மேலே உள்ள சிமெண்டு முழுசாக இருக்கும். பின்னால் சுவர் இராது! கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து அரைக்கத் தெரிந்த கொத்தர்கள் இன்னும் இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள். விமானத்து அரச மரத்தை மேலோடு வெட்டிவிட்டுத் திருப்தி அடையக் கூடாது. வேர் சாகாவிட்டால் அது இரண்டு பங்காகத் தழைக்கும். உயிரோடு வேரைப் பிடுங்கினாலோ கல்லும் கூட வரும்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு கல்லைத் தொடுவதற்கு முன்னால் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். திருமழபாடியில் ஓலையில் செய்ததை இன்று சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியால் செய்துவிடலாம். இதற்கு நிபுணரும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

கேட்டால் பயன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குச் சென்னை மௌண்ட் ரோடில் ஒரு சாட்சி உண்டு. 1897-ம் ஆண்டில் எழுந்த பாரத் இன்ஷ்யூரன்ஸ் கட்டடத்தை 2006-ம் ஆண்டில் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்டாக் சங்கத்தார் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இடிப்பு நின்றது. 2010-ம் ஆண்டுத் தீர்ப்பில் அந்தக் கட்டடத்துக்கு மட்டும் அல்லாமல், பட்டணத்தில் நானூறுக்கு மேற்பட்ட பழைய கட்டடங்கள் அடங்கிய பட்டியலுக்கே பாதுகாப்புப் பிறந்தது. கதவைத் தட்டியவர்கள் சிலர்; பிழைத்தவை பல.

1836-ல் கங்கைகொண்ட சோழபுரத்து ஜனங்களுக்குத் தட்டுவதற்கு ஒரு கதவு இல்லை. இன்று கதவுகள் இருக்கின்றன. சில உடனே திறப்பதில்லை. சிலவற்றை இரண்டு மூன்று தரம் தட்ட வேண்டியிருக்கிறது. சிலவற்றுக்குப் பின்னால் மனு மாதக் கணக்கில் தூங்குகிறது. ஆனாலும் கல்லுக் கடைக்காரரிடம் போவதற்கு முன்னால் ஒரு கார்டு எழுதிப் போடுவதற்கு என்ன தடை? உங்கள் ஊர்க் கோயிலின் அதிஷ்டானத்தில் 96 ஆடுகளைக் கொடுத்த மனிதர் ஒருவர் ஆயிரம் வருஷமாக நின்றுகொண்டிருக்கலாம். அவருக்காக எழுதுவதற்கு உங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?